ரிங்குக்குக் கீழே விழுந்த வெளிச்சம்

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, போட்டோவுக்குச் சிரித்தபடி அசையாமல் நின்ற பாஸ்கெட்பால்காரன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எதிரணிப் பையன் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இதற்குக் காரணம் வளர்ப்பு. அம்மாவின் தம்பி, அதாவது மாமா, அரியலூரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் படமெடுக்கும் கல்யாணங்களில் முகூர்த்தத்தை முடிவு செய்வது ஐயர் அல்ல, மாமாதான். "அப்படியே இருங்க" என்பார். மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தருகே ஏந்தியபடி உறைந்து நிற்பார். ஃப்ளாஷ் 'குய்ய்' என்று முனகிச் சார்ஜ் ஏறி, பளிச்சென்று அடித்த பிறகுதான் முதல் முடிச்சு. வெளிச்சம் அடிக்கும் முன் அசைவது எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் முன்னால் காலை நீட்டுவதற்குச் சமம்.

பெரியம்மா மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன், அதனால் அண்ணன். உயரம், கையெழுத்து, தலைமுடி எல்லாமே அவனுக்கு நன்றாக அமைந்திருந்தன. இருவரும் ஒரே பள்ளி, ஒரே அணி. பெரம்பலூரில் ஓர் உள்ளரங்கில் எங்களுக்கு ஆட்டம் என்றதும், மாமா தானே வந்து படமெடுப்பதாகச் சொன்னார். நன்றாக விழுந்த ஒரு படத்தைப் பெரிதாக்கி ஸ்டூடியோவின் முன்கண்ணாடியில் வைப்பாராம். ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் பார்க்கிற கண்ணாடி அது. அன்று ஆட்டத்தில் ஜெயிப்பது பற்றி நான் துளியும் யோசிக்கவில்லை. மொட்டை போட்ட குழந்தைகளுக்கும், வரதராஜன்பேட்டை மாப்பிள்ளை ஒருவருக்கும் நடுவில் என் முகம் இருக்க வேண்டும், அண்ணனுடையது இருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

அரங்கில் குண்டு பல்புகள் தூங்கி வழிந்தன. ஃப்ளாஷைக் கேமரா தலையில் மாட்டினால் மூஞ்சி அப்பளமாட்டம் விழும் என்று, மாமா அதைக் கழற்றி மாடி கைப்பிடிக் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினார். மைக்செட்காரரிடம் வாங்கிய ஒயரைக் கேமரா வரைக்கும் இழுத்தார். கட்டும்போது மேலேயிருந்து என்னைக் கேட்டார்:

"நீ எங்கடா நிப்ப?"

"ரிங்குக்குக் கீழதான் மாமா. அங்கயேதான் இருப்பேன்."

பி.டி. சார் என்னை நிறுத்தியிருந்தது யாருக்கும் தொந்தரவில்லாத தூரத்து மூலையில். மூலை என்று சொல்ல வாய் வரவில்லை. ரிங்குக்குக் கீழே நிற்பவன் அண்ணன். மாமா எனக்காகவே விளக்கை அந்த இடத்துக்குத் திருப்பி இறுக்கிக் கட்டினார் என்பதும், கட்டிய விளக்கு ஆளைப் பார்த்துத் திரும்பாது என்பதும் எனக்குப் புரிய ரொம்ப வருஷமாயிற்று.

அன்று தெரிந்ததெல்லாம் இதுதான்: அண்ணன் தாவினால் பளிச். அண்ணன் பந்தைத் தட்டினால் பளிச். எனக்கு இருட்டு. மூலையில் நின்றபடியே பழைய கணக்கெல்லாம் எடுத்தேன். பொங்கலுக்கு மாமா முதலில் போவது அவர்கள் வீட்டுக்கு. பெரியம்மா வைக்கிற கறிக்குழம்பு எங்கள் வீட்டில் கிடையாது. ஆக, மாமாவை விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

கடைசியில் ஒரு பந்து தவறிப்போய் என் கைக்கு வந்தது. பக்கத்தில் நின்றவனிடம் கொடுக்கச் சொல்லி பி.டி. சார் கத்தினார். நான் கொடுக்கவில்லை. தட்டிக்கொண்டே ரிங்குக்குக் கீழே ஓடி, பந்தைத் தூக்கினேன். அப்போதுதான் மாமா அண்ணனை ஒரு படம் எடுத்திருந்தார். மேலே ஃப்ளாஷ் முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகலின் பொருள் தெரிந்த பையன் நான். காத்திருந்தேன்.

"போடுடா. ஏன்டா நிக்கிற?" என்றார் சார்.

அண்ணன் காதருகே வந்து, "டேய், பந்த போட்டுட்டுச் சிரிடா" என்றான். பொறாமையில் பேசுகிறான் என்று நினைத்தேன்.

பந்து போன பிறகு வெளிச்சம் வந்தது. படத்தில் இரண்டு வெறுங்கைகளை உயர்த்தி மேலே பார்த்துச் சிரிக்கிறேன். "யாருகிட்டடா வரங் கேக்குற?" என்றாள் அம்மா. கண்ணாடிக்கு அண்ணன் படம் போனது. அதைப் பார்க்காமலிருக்க நான் ஒரு ஸ்டாப்பிங் தள்ளி நடந்து போய்ப் பஸ் ஏறினேன்.

போன வருஷம் விக்கிரமங்கலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த அண்ணனிடம், மாமா யாருக்காக விளக்குக் கட்டினார் என்பதையும், நான் எத்தனை காலம் வயிறெரிந்தேன் என்பதையும் கொட்டித் தீர்த்தேன். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான்:

"அட நீ வேற. ஒவ்வொரு தடவ அடிக்கறப்பவும் கண்ணு பூத்துப்போயி எனக்கு ரிங்கே தெரியல. பாதிப் பந்து குருட்டாம்போக்குல போட்டதுதான். உன் மூல மட்டும் நல்லா இருட்டா இருந்துச்சு. குடுத்து வச்சவன்டான்னு நெனச்சுக்கிட்டேன்."