நாலு இஞ்ச் உயர்த்திய வண்டி

நாங்கள் மெல்பர்னில், டார்னெய்ட்டில் இருக்கிறோம். என் கணவர் ஆசையாக வாங்கிய பிக்கப் வண்டியை, தரையிலிருந்து இன்னும் உயரமாக நிற்கும்படி உயர்த்துவதற்காக ஒரு பட்டறைக்குப் போனோம். எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து, அப்போதுதான் கைத்தடியை விட்டிருந்தேன்.

"ரெண்டு இஞ்ச் போதுமே. வண்டியில யார் யார் ஏறுவீங்க?" என்று பட்டறைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான் மட்டும்தான்" என்றார் இவர். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நாலு இஞ்ச் உயர்த்தச் சொல்லிவிட்டார்.

அந்த வாரமே நண்பர் வீட்டு விருந்துக்குப் போனோம். போகும்போது எப்படியோ ஏறிவிட்டேன். கிளம்பும்போது முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினேன்.

"கிரேன் கொண்டு வரச் சொல்லவா?" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். கை வழுக்கி, சிமென்ட் தரையில் விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது. என் வளையல் கதவில் போட்ட கீறலைத்தான் இவர் முதலில் குனிந்து பார்த்தார்.

கட்டுப் பிரித்ததும் கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்தேன். பழைய சின்னக் கார் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். இப்போதெல்லாம், "கோயிலுக்குச் சேர்ந்தே போகலாமே" என்று இவர் கூப்பிட்டால், "நீங்க பின்னாடி வாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.