ஆலன் கராஜில் ஒரு பழைய டிஸ்க்: சுகர் லேண்டிலிருந்து 285 மைல்

டல்லாஸ் பக்கம் போகிறவர்கள் பொதுவாகக் கல்யாணத்துக்குப் போவார்கள், இல்லையென்றால் வீடு பார்க்கப் போவார்கள். நாங்கள் போன மாதம் போனது ஒரு ஹார்டு டிஸ்க்கைப் பார்க்க.

என் பெரியம்மா மகள் மும்தாஜ் லாத்தா, அதாவது அக்கா, டல்லாஸுக்கு வடக்கே ஆலனில் இருக்கிறார். அவருடைய கணவர் ஹனீபா மச்சான் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டை விற்றுவிட்டு, கலிஃபோர்னியா டப்ளினில் இருக்கும் மகள் சனாவோடு போய் இருக்கப் போகிறார் லாத்தா. கராஜைக் காலி செய்தபோது மச்சான் மாணவராக இருந்த காலத்துக் கணினி ஒன்று கிடைத்திருக்கிறது. உடனே எனக்கு ஃபோன். "உன் மாப்பிள்ளைய கூட்டிட்டு வா புள்ள. வீட்டுச் சாமான் ஏத்துற மூவர்ஸ் வர்றதுக்குள்ள அதுல என்ன இருக்குன்னு பாத்துடணும்."

எங்கள் பேச்சில் மாப்பிள்ளை என்றால் கணவர். லாத்தாவின் அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. நிக்காஹ் முடிந்த கையோடு மச்சான் நியூ ஜெர்சிக்குப் படிக்க வந்துவிட்டார். லாத்தா மூன்று வருடம் கீழக்கரையிலேயே இருந்தார். ஃபோனுக்குக் காசு கொடுத்துக் கட்டுப்படியாகாத காலம். மச்சானோ கேட்டதற்குப் பதில் சொல்வாரே தவிர, தானாக நாலு வார்த்தை பேசமாட்டார். ஆனால் அந்த மூன்று வருடத்தில், வெப் என்பது அப்போதுதான் தலைகாட்டிய சமயத்தில், தமிழ் மாணவர்களுக்கு வேண்டிய தகவலையெல்லாம் அவர்தான் அதில் கொண்டுவந்து வைத்தார் என்று குடும்பத்தில் பெருமையாகச் சொல்வோம். அவர் எழுதியதை ஒரு தடவையாவது படித்துவிட வேண்டும் என்பது லாத்தாவின் ஆசை.

சனிக்கிழமை காலை ஆறே காலுக்குக் கிளம்பினோம். எங்கள் ஊர் சுகர் லேண்டிலிருந்து 59-இல் ஏறி ஹூஸ்டனைத் தாண்டி, 45-ஐப் பிடித்துவிட்டால் டல்லாஸ் வரைக்கும் திரும்பவே வேண்டாம். இந்த ஃப்ரீவேயின் அழகைப் பற்றி எழுத எதுவும் இல்லை. ஹண்ட்ஸ்வில் அருகே மரங்களுக்கு மேலே ஒரு பிரம்மாண்டமான வெள்ளைச் சிலை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அதற்கப்புறம் மாடும் வைக்கோல் உருண்டையும்தான். நடுவில் ஒரு இடத்தில் பெட்ரோலும் காபியும். காபிக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்து டாலர், குடித்த பிறகு அதுவும் அதிகம் என்று தோன்றியது.

வண்டியின் பின்சீட் முழுக்க என் கணவர் ரஃபீக்கின் வயர்கள். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கு இடமில்லை, முப்பது வருடத்து வயர்களுக்கு இடம் உண்டு. போதாதென்று பழைய டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டும் அடாப்டர் ஒன்றை 27 டாலருக்குப் புதிதாக வேறு வாங்கியிருந்தார். டல்லாஸுக்குள் நுழையும்போது நேவிகேஷன் ஒன்று சொல்ல, இவர் ஒன்று ஓட்ட, பதினொன்றே முக்காலுக்கு ஆலன் போய்ச் சேர்ந்தோம்.

லாத்தா வீட்டில் கால் வைத்தாலே சாப்பாடுதான். நெய்ச்சோறும் ஆட்டிறைச்சி ஆணமும், அதாவது குழம்பும், வைத்திருந்தார். பாதிப் பாத்திரங்கள் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டதால் ரைஸ் குக்கர் மூடியில் அப்பளம் வந்தது. நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை லாத்தா கராஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிஸ்க் சுழன்றதே அதிசயம். இவர் அரை மணி நேரம் அதற்குள் போய்வந்தார். பிறகு என்னைப் பார்த்தார். வீட்டில் ஏதாவது உடைத்துவிட்டால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"லாத்தா, இதுல தகவல்னு எதுவும் இல்ல. ஒரு சின்ன ப்ரோகிராம் மட்டும்தான் இருக்கு."

"எல்லாம் அழிஞ்சு போச்சா தம்பி?"

"அழியல. மொதல்லேர்ந்தே இல்ல."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். வெப் வருவதற்கு முன்பே நெட்டில் தகவல் இருந்தது. பல்கலைக்கழகங்கள் 'கோஃபர்' என்ற முறையில் வெறும் எழுத்தாலான பட்டியல்களாக வைத்திருந்தன. செய்திக் குழுக்கள் தனியாக இருந்தன. வெப் வந்தபோது அதில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. அதனால் சிலர் வெப்புக்கும் கோஃபருக்கும் நடுவே பாலம் போட்டார்கள். டீக்கடையில் பஜ்ஜி கேட்டால் பக்கத்துக் கடையில் வாங்கிவந்து நம் தட்டில் வைப்பார்களே, அந்த மாதிரி. நீங்கள் வெப்பில் கேட்பீர்கள், பாலம் போய் கோஃபரிலிருந்து எடுத்துவந்து காட்டும், தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளாது. மச்சான் செய்தது அந்தப் பாலத்தை. ஹலால் இறைச்சிக் கடை விவரம், நோன்பு நேரம், பொன்னி அரிசி கிடைக்கும் இடம் எல்லாம் வேறு வேறு ஊர்களில் வேறு யார் யாரோ எழுதி வைத்தவை. அந்தப் பட்டியல்களையெல்லாம் எப்போதோ மூடிவிட்டார்கள்.

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான். முப்பது வருடமாக நாங்கள் பீற்றிக்கொண்ட தகவல்களில் ஒரு வரிகூட மச்சான் எழுதியதில்லை. சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார் லாத்தா. தண்ணீர்க் குழாய் ரொம்ப நேரம் ஓடியது. எனக்கு இவர்மேல் கோபம் வந்தது. இவர் என்ன செய்வார், பாவம். ஆனாலும் வந்தது.

அந்த நேரத்தில் சனா வீடியோவில் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னேன். "கேன் யூ ஜஸ்ட் ரன் இட்?" என்றாள். ஓட்டி என்ன பயன், போய்த் தட்ட ஒரு கதவும் இல்லையே என்றார் இவர். "ஸோ? ரன் இட் எனிவே, சாச்சா. ஃபார் அம்மா."

ஓட்டினார். அதற்கே இரண்டு மணி நேரம் அங்கே இங்கே திருத்த வேண்டியிருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு பக்கம் வந்தது, நீல எழுத்தில் ஒரு பட்டியல். லாத்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, முதலில் இருந்த 'நோன்பு நேரங்கள்' என்பதை அழுத்தினார். கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு, அந்தக் காலத்து வழக்கப்படி இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக, இது வந்தது:

"ஸலாம். நீங்க கேட்ட வீட்டுல போய் கதவத் தட்டினேன். யாரும் எந்திரிச்சு வரல. அவங்க நல்லவங்கதான், நெட்டுதான் சரியில்ல. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, மறுபடியும் தட்டிப் பாக்குறேன். நோன்பா இருந்தா டீ வேணாம், சும்மா உக்காருங்க. ஹனீபா."

போன இடத்தில் பதில் கிடைக்காவிட்டால் காட்டுவதற்காக மச்சானே எழுதி வைத்தது. அவசரமாக டேட்டா தேடியதில் இவர் இதைக் கவனிக்கவே இல்லை.

லாத்தா அதை வாய்விட்டு ஒரு முறை படித்தார். "இவ்ளோ பேசுவாரா இந்த மனுஷன்?" என்றவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அடுத்ததை அழுத்தினார். இறைச்சிக் கடைக்கு வேறு ஒரு பதில்: "கடைக்காரர் இன்னும் வரல. நானும் பசியோடதான் நிக்கிறேன்." இப்படி ஏழெட்டுப் பதில்களை மாறி மாறி வரும்படி எழுதியிருந்தார் மனிதர். ஒவ்வொன்றுக்கும் நடுவே ப்ரோகிராம் ரொம்ப நேரம் காத்திருந்தது. அந்த நேரத்தைக் குறைத்துத் தரட்டுமா என்று இவர் கேட்டதற்கு, "இருக்கட்டும் தம்பி, அவர் தட்டிட்டு வரட்டும்" என்றார் லாத்தா. சூரியன் மறைந்ததும் மஃரிப் தொழுகைக்கு எழுந்து போய்விட்டு வந்தும் அழுத்திக்கொண்டே இருந்தார். நான் அந்த வீட்டில் அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

ஞாயிறு காலைக்குப் போவதற்கு முன், இந்தப் பக்கம் பயணம் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். போக 285 மைல், வர அதே. பெட்ரோல் மொத்தம் 58 டாலர் ஆனது. 45-இல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். ஆலனைச் சுற்றி நம் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, பொட்டலம் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. பழைய டிஸ்க் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அடாப்டரோடு தனி மின் இணைப்பும் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள், லேப்டாப்பின் மின்சாரம் மட்டும் போதாது. முதலில் முழு டிஸ்க்கையும் நகல் எடுத்துவிட்டு, நகலில் மட்டும் கை வையுங்கள். ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும், ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் வீட்டுக்காரரே சொன்னாலும்.

ஞாயிறு காலை இடியாப்பமும் வட்டலப்பமும். லாத்தா டப்ளினுக்குக் கொண்டுபோகும் லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொடுத்துவிட்டு, இவர் செருப்பு மாட்டும்போது சொன்னார்.

"லாத்தா, அந்தக் காலத்து கோஃபர் லிஸ்ட்டெல்லாம் சில பேர் காப்பி எடுத்து வச்சிருக்காங்க. நான் தேடி கனெக்ட் பண்ணித் தரேன். நோன்பு நேரம், அரிசிக் கடை எல்லாம் அப்படியே வரும். மச்சான் செஞ்சது நெஜமாவே வேலை செய்யும்."

லாத்தா லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"வேணாம் தம்பி. அங்க யாராவது கதவத் தொறந்துட்டா, இவர் பேச மாட்டாரே."