முப்பது அம்பியரும் என் கையெழுத்தும்

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலம். தெல்தெனியவுக்கு அப்பால், மண்சரிவு அபாயம் என்று தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து கிளப்பிய குடும்பங்களை ஒரு பாடசாலையில் தங்க வைத்திருந்தார்கள். நான் அப்போது கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் மின் தொழில்நுட்ப உதவியாளர். சேர்ந்து எட்டு மாதம்தான். நிரந்தர நியமனம் இன்னும் கிடைக்கவில்லை.

சமைப்பதற்கு இராணுவம் தன் நடமாடும் சமையலறையைக் கொண்டுவந்திருந்தது. எண்ணெயில் எரியும் ஆறு பர்னர்கள். தீயை ஊதும் விசிறிக்கும் பற்றவைக்கும் கருவிக்கும் மட்டும் மின்சாரம் வேண்டும். அதுவும் வீட்டு மின்சாரம் இல்லை, லொறி பற்றரியில் வருகிற இருபத்து நான்கு வோல்ட். அவர்களுடைய ஜெனரேட்டர் பழுது. ஆகவே பாடசாலை மின்சாரத்தை ஒரு பெட்டியில் இருபத்து நான்கு வோல்ட்டாக மாற்றி, அங்கிருந்து சமையல் கொட்டகைக்கு வயர் இழுக்க ஏற்பாடு. எங்கள் பொறியியலாளர் கணக்குப் போட்டார். நான் சரிபார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும்.

பர்னர் ஒன்றுக்கு நூற்றிருபது வாட், ஆறுக்கு எழுநூற்றிருபது. அதை அவர் வீட்டு மின்சாரத்தின் இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்து, மூன்று அம்பியர் சொச்சம் என்று எழுதியிருந்தார். ஆனால் கொட்டகைக்குப் போகும் வயரில் இருப்பது இருபத்து நான்கு வோல்ட். அதால் வகுத்தால் முப்பது அம்பியர். கிட்டத்தட்ட பத்து மடங்கு. அவர் எடுத்து வைத்திருந்ததோ மேசை விளக்குக்குப் போடுகிற மெல்லிய வயர்; முப்பது அம்பியர் ஓடினால் சுட்டு உருகிவிடும்.

சொன்னேன். அவர் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பிள்ளை, இருபது வருசமா நான் போடுற கணக்கு இது. நீர் கையெழுத்தை வையும்."

வைத்தேன்.

முதல் நாள் இரண்டு பர்னர்கள்தான் எரிந்தன, ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை ஆறையும் பற்றவைத்தார்கள். மிச்ச வயரைச் சுருட்டி அரிசி மூட்டைகளுக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். அது உருகி, சாக்கில் தீப்பிடித்தது. முகாமிலிருந்தே சமைக்க வந்திருந்த ஓர் அக்கா, கொழுந்து பறிக்கிறவர், மூட்டை எரிகிறதே என்று வெறுங்கையால் இழுத்தார். உருகிய வயர் வலது உள்ளங்கையில் ஒட்டி, தோலோடு வந்தது.

இரண்டு நாள் கழித்து பாடசாலை அதிபரின் அறையில் விசாரணை. பெண்கள் வயரில் கஞ்சித் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்றார் எங்கள் பொறியியலாளர், கூசாமல். விசாரிக்க வந்த அதிகாரி அப்படியே சிங்களத்தில் எழுதினார்: சமையல் பெண்களின் கவனயீனம். கையில் கட்டோடு வாசலில் நின்ற அக்காவுக்குத் தன்னைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்றே தெரியாது.

சமையலறைக்குப் பொறுப்பான சிங்கள இராணுவக் கோப்ரல்தான் முதலில் வாய் திறந்தார். தண்ணீர் எதுவும் கொட்டவில்லை, காலையிலேயே வயர் சுட்டது, இவர்கள் அலுவலகத்துக்குப் போனில் சொன்னேன், பயமில்லை என்றார்கள் என்றார். உடனே பொறியியலாளர் ஃபைலைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினார்.

"இந்தப் பிள்ளைதான் சரிபார்த்தது."

என் கையெழுத்துத்தான், பிழை என்று தெரிந்தேதான் வைத்தேன் என்று சொன்னேன். ஒரு தாளில் இரண்டு வகுத்தலையும் எழுதி அதிகாரி முன் வைத்தேன்.

'கவனயீனம்' வெட்டப்பட்டது. 'மின் இணைப்பில் தவறு' என்று மாற்றினார்கள். யாருடைய தவறு என்று எழுதவில்லை. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பொறியியலாளருக்கு ஒரு துண்டுக் கடதாசிகூடப் போகவில்லை. அக்காவுக்கு இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இனிக் கொழுந்து பறிக்க முடியாது.

பேராதனை ஆஸ்பத்திரிக்கு அவர் கட்டு மாற்ற வந்த ஒரு நாள், போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒங்களுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாங்க வெறகுலயே ஆக்கியிருப்போமே, மிஸ்."

அந்தப் பொறியியலாளரை நினைத்தால் இன்றும் கொதிக்கிறது. ஆனால் பிழையை மேலே இருந்தவரிடம் மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டு, அந்த வயருக்குப் பக்கத்தில் நின்று சமைக்கப்போகிறவர்களிடம் சொல்லாமல் வந்தேனே, அதற்காக என்மீதே வருகிற ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.