மரித்தோர் பட்டியலில் ஒரு பெயர்

அந்தக் காரியத்தை எல்லோரிடமும் "டைப் அடிக்கும்போது தவறிவிட்டது" என்றுதான் சொன்னேன். பங்குச் சாமியாரிடமும் அப்படித்தான் சொன்னேன். பாவசங்கீர்த்தனம் செய்ய முழங்காலில் இருந்தபோதும் அதையேதான் சொன்னேன். கை தவறவில்லை. என் கை அவ்வளவு சுலபமாகத் தவறுகிற கை இல்லை. டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவள் நான்.

எண்பதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். பொம்மை, கப்பு, பியூஸ் கட்டை எல்லாம் செய்கிற கம்பெனி. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போவேன். அங்கே ஒரு தமிழ் டைப்ரைட்டரும், கைப்பிடி சுற்றினால் மை ஒழுகுகிற ஒரு சைக்ளோஸ்டைல் மிஷினும் இருந்தன. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மாதம் ஒரு செபத்தாள் கொண்டுவந்தோம். 'கொண்டுவந்தோம்' என்பது மரியாதைக்கு. சாமியார் ஞாயிறு வாசகங்களின் பட்டியலைக் கொடுப்பார். மீதியெல்லாம் நான்.

தாளில் காலைச் செபம் இருக்கும். எந்தக் கிழமைக்குச் செபமாலையில் எந்தத் தேவ இரகசியம் என்று இருக்கும். வெள்ளிக்கிழமைக்கு ஒரு சிறிய சிலுவைப்பாதை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரியில் 'இன்றைய சிந்தனை'. கடைசிப் பக்கத்தில் படுக்கப் போகும்முன் செய்ய வேண்டிய ஆன்ம சோதனைக்கு ஐந்து கேள்விகள். சிந்தனையும் கேள்விகளும் என் சொந்தச் சரக்கு. 'பால் பொங்கும்வரை அடுப்படியில் காத்து நிற்கிறாயே, பக்கத்து வீட்டுக்காரி பேசி முடிக்கும்வரை நிற்க உனக்கு ஏன் பொறுமை இல்லை?' என்று ஒரு நாளுக்கு எழுதியிருந்தேன். எனக்கே பொறுமை கிடையாது. ஊருக்கு உபதேசம் செய்வதில் மட்டும் குறை வைக்கவில்லை.

வீடுகளில் தாளைச் சோற்றுப் பசை போட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்திருந்தார்கள். சமையலறையில் மஞ்சள் கறையோடு பார்த்திருக்கிறேன். கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் அன்றைய சிந்தனையை ஒருத்தி படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். தவறாமல் பழமலைநாதர் கோயிலுக்குப் போகிற எங்கள் சூப்பர்வைசர்கூட, "டைப்பிஸ்ட்டம்மா, இந்த மாசப் பேப்பரு வந்துருச்சுங்களா?" என்று கேட்டு வாங்கிப் போவார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அச்சடித்த தாளில் வந்துவிட்டால் அது கடவுள் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. அடித்தவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

எங்கள் பங்குக் கோயிலின் பின்பக்கக் கதவருகே ஒரு மரப்பெட்டி இருந்தது. யாருக்காகச் செபிக்க வேண்டுமோ அவர்கள் பெயரையும் தெருவையும் ஒரு சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். மாதக் கடைசியில் நான் பெட்டியைத் திறந்து பிரிப்பேன். நோயாளிகள், வெளியூரில் இருப்பவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் என்று தாளில் மூன்று தலைப்பு. அக்டோபர் மாதக் கடைசியில் மட்டும் பெட்டி வழியும். நவம்பர் மரித்தோர் மாதம். இறந்துபோன சொந்தங்களின் பெயர்களைத் தனித் தாளில் அடித்துச் செபத்தாளோடு சேர்த்துக் கொடுப்போம். ஒவ்வொரு வீட்டிலும் மாதம் முழுக்க மாலைச் செபத்தில் அந்தப் பெயர்களையெல்லாம் வாசித்து, இறந்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி செபம் சொல்லுவார்கள். தன் வீட்டுச் சாவு, அடுத்த வீட்டுச் சாவு என்று பிரிவு இல்லை. எல்லோருக்கும் எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள்.

பேக்கிங் செக்‌ஷனில் ஒருத்தி இருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அவள் புருஷன் பம்பாய்க்குக் கொத்து வேலைக்குப் போனான். இரண்டு வருடம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. கூடப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், அவன் வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்டான் என்றார்கள், அதற்குமேல் அவர்களுக்குத் தெரியவில்லை. இவள் மாதந்தவறாமல் ஒரு சீட்டு போட்டாள். பொம்மைப் பெட்டியில் கட்டுகிற அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் அவன் பெயர், தெரு, கீழே 'வெளியூர்'. கையெழுத்து குழந்தை எழுதியதுபோல் உருண்டையாக இருக்கும்.

நான்கு வருடம் அந்தப் பெயரை 'வெளியூரில் இருப்பவர்கள்' தலைப்பில் அடித்தேன். நான்காம் வருடம் எனக்குச் சலித்துவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சலித்துவிட்டது என்பதுதான் உண்மை. சாப்பாட்டு நேரத்தில் அவள் தலையில் பூ வைத்துக்கொண்டு, "தீவாளிக்கு வந்துருவாருங்கக்கா" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தீபாவளி போய், "கிறிஸ்மஸுக்கு வராம இருக்க மாட்டாரு" என்பாள். கல்யாணமே ஆகாத எனக்கு அந்தக் காத்திருப்பைப் பார்த்து ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது யோசித்தால், சொல்லிக்கொள்ளும்படியான காரணம் எதுவும் கிடைப்பதில்லை.

அந்த அக்டோபரில் அவள் சீட்டில் பெயரும் தெருவும் மட்டும் இருந்தன. 'வெளியூர்' என்பதை எழுத மறந்துவிட்டாள். அல்லது டைப்பிஸ்ட் அக்காவுக்குத்தான் தெரியுமே என்று விட்டிருப்பாள். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஜங்ஷனில் ஒரு ரயில் வந்து நின்று கிளம்பிப் போனது. ஒரு பக்கம் மரித்தோர் சீட்டுக் குவியல். இன்னொரு பக்கம் மற்றவை. உயிரோடு இருக்கிறவன் நான்கு வருடம் ஒரு கார்டு போடாமல் இருப்பானா என்று நினைத்தேன். செத்துப்போயிருந்தால் பாவம், அந்த ஆன்மாவுக்கு ஒரு செபமாவது கிடைக்கட்டும் என்றும் நினைத்தேன். இரக்கம் மாதிரிதான் இருந்தது. அட்டையை மரித்தோர் குவியலில் வைத்தேன். அகர வரிசைப்படி அடித்தேன். ஸ்டென்சிலில் தவறு இருந்தால் சிவப்புத் திரவம் தடவித் திருத்துவோம். அந்த வரியில் ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும் தாளைக் கொடுத்தார்கள். நவம்பர் முதல் தேதி மாலைச் செபத்தில் அதை வாசித்தது அவளுடைய மகள். ஆறாவது படிக்கிற பெண். அந்த வீட்டில் செபத்தாள் வாசிப்பது அவள் வேலை. அப்பா பெயர் வந்ததும் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலை நான் ஆபீஸ் பூட்டைத் திறப்பதற்கு முன்பே அந்தத் தாய் வாசலில் நின்றாள். கையில் தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் பதிலைத் தயார் செய்துகொண்டேன்.

"அக்கா, உங்களுக்கு ஏதாச்சும் சேதி வந்துச்சுங்களா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"இல்லீங்க... பம்பாயிலேருந்து சாமியாருக்குக் கடுதாசி ஏதாச்சும் வந்துருக்கும், எங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு நீங்க பேப்பருல போட்டுட்டீங்களோன்னு... எதுவா இருந்தாலும் சொல்லிருங்கக்கா. நான் அழ மாட்டேன்."

அவள் என்னை ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை. தாளில் வந்துவிட்டது, அப்படியானால் தெரிந்துதான் போட்டிருப்பார்கள் என்று நம்பினாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. டைப் அடிக்கும்போது தவறிப்போச்சு. சீட்டு மாறிடுச்சு" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். சிரித்தாள்கூட. "நைட்டு பூரா தூங்கலீங்கக்கா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டத்தில் உபதேசியார் மைக்கில் பெயர்களை வாசிப்பார். நான் ஓடிப்போய் அவர் கையிலிருந்த தாளை வாங்கி அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கொடுத்தேன். அவர் அதை விட்டுவிட்டுத்தான் வாசித்தார். ஆனால் கூட்டத்தில் ஆளுக்கொரு தாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் விரல் வைத்துக் கூடவே படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "உபதேசியாரே, ஒரு பேரு வுட்டுட்டீங்க" என்று சத்தமாகச் சொல்லி, அந்தப் பெயரை அவரே வாசித்தார். எல்லோரும் அதற்கும் சேர்த்துப் பதில் செபம் சொன்னார்கள். அவள் தன் மாமனார் கல்லறையில் சாமந்திப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். வைத்த கை அப்படியே நின்றதை நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு சாமியார் பூசையில் அறிக்கை வாசித்தார். அச்சுப்பிழை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளை யார் போய்த் திருத்துவார்கள்? மாதம் முழுக்க வீட்டுக்கு வீடு அவனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக வேண்டினார்கள். அவள் தெருவில் நாலைந்து பேர் துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டார்கள். "சொல்லவே இல்லியேம்மா" என்று ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதாளாம். இவள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பியிருக்கிறாள்.

நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கவனக்குறைவாக ஒரு தவறு செய்தேன், அதனால் ஒருவருக்கு மன வருத்தம் என்றேன். மனமறியச் செய்யாதது பாவமாகாது, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று சாமியார் ஆறுதல் சொல்லி, மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லும்படி பிராயச்சித்தம் கொடுத்தார். சொல்லி முடித்துவிட்டு எழுந்தேன். அந்த மாத ஆன்ம சோதனையில் நான்காவது கேள்வி, 'இன்று உண்மையைப் பாதியாகச் சொன்னேனா?' என்பது. கேட்டவள் நான்தான். ஊரில் எத்தனையோ பேர் அந்தக் கேள்விக்குத் தினமும் பதில் சொல்லியிருப்பார்கள். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

டிசம்பருக்கு அவள் சீட்டு வரவில்லை. ஜனவரிக்கும் வரவில்லை. பரிகாரம் செய்வதாக நினைத்து, பிப்ரவரித் தாளில் நானாகவே அவன் பெயரை 'வெளியூரில் இருப்பவர்கள்' தலைப்பில் சேர்த்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு ஆபீசுக்கு வந்தாள்.

"நான் சீட்டு போடலீங்களே அக்கா?"

"மறந்துட்டியோன்னு நான் போட்டேன்."

"வேணாங்கக்கா. நானே போடுறேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதற்குப் பிறகு ஒரு மாதமும் போடவில்லை. பூ வைப்பதையும் எப்போது விட்டாள் என்று நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் பார்த்தேன், வெறும் தலையாக இருந்தாள். தீபாவளிக்கு வருவார், கிறிஸ்மஸுக்கு வருவார் என்கிற பேச்சும் நின்றுபோயிருந்தது. எனக்கு அவ்வளவு எரிச்சல் தந்த பேச்சு. அது மறுபடி வராதா என்று சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்திலேயே போய் உட்கார ஆரம்பித்தேன்.

அடுத்த அக்டோபரில் பெட்டியைத் திறந்தபோது அந்த உருண்டைக் கையெழுத்து இருந்தது. அவன் பெயர், தெரு, அதற்குக் கீழே 'மரித்தோர்'. இந்த முறை தலைப்பை மறக்கவில்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். மகள் முன்கட்டில் படித்துக்கொண்டிருந்தாள். நான் தாயைத் தனியே கூப்பிட்டு, "ஏதாவது தகவல் வந்துச்சாம்மா?" என்றேன்.

"இல்லீங்கக்கா."

"அப்புறம் ஏம்மா இப்படி எழுதினே?"

"போன வருசம் ஒரு மாசம் பூரா ஊரே வேண்டிக்கிச்சுங்களே. பக்கத்து வூட்டுல சத்தமா வாசிப்பாங்க, எங்க வூடு வரைக்கும் கேக்கும். அதுக்கப்புறம் அவரு நல்லா இருக்கணும்னு வேண்டலாம்னு ஒக்காந்தா எனக்கு வாயில வரலீங்கக்கா. எவ்வளவோ பாத்தேன். இளைப்பாற்றி செபந்தான் வருது. வேண்டாமயே இருக்கறதுக்கு இதையாச்சும் வேண்டிக்கலாம்னு எழுதிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுததைப் பார்த்து அவள் பதறிப்போனாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அய்ய, நீங்க எதுக்குங்கக்கா அழுவுறீங்க? சீட்டு மாறிப்போச்சு, அதுக்கு யாரு என்னா பண்றது? நீங்க வேணும்னேவா பண்ணீங்க?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

அந்த ஆண்டுப் பட்டியலில் அவனை மரித்தோரில் அடித்தேன். தொண்ணூறுகளின் நடுவில் வேலை மாறி அந்த ஊரை விட்டு வந்தேன். அவன் திரும்பி வந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிற்பாடு வேறு ஊர்களில், என்னைத் தெரியாத இரண்டு சாமியார்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிப் பாவமன்னிப்பும் பெற்றேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை.