சாவிக்கு மாத்திரை

"நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுக்கா?" என்று கேட்டாள் கால்நடை மருத்துவமனையின் இளம் டாக்டர்.

"நாப்பத்தெட்டு. தூங்கும்போது எண்ணினேன்."

"சரியா எண்ணினீங்களா?"

"டாக்டரம்மா, இருபது வருஷமா கடிகாரம் ரிப்பேர் பாக்குறேன். எனக்கு நிமிஷம் தப்புமா?"

டாக்டர் லேசாகச் சிரித்தாள். பிறகு, பெட்டிக்குள் விலா எலும்பு ஏறி இறங்கப் படுத்திருந்த சாவியைப் பார்த்து முகம் மாறினாள். வால்நுனி சாவிபோல வளைந்த பூனை அது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

"மனுஷங்களுக்குக் குடுக்குற ஒரு வகை, பூனை ஈரல்ல சரியா மாறாது. அதனாலதான் நேரா வேலை செய்யுற வகையை எழுதினேன். ஆனா மருந்து உடம்புல சேந்த அடையாளமே இல்லையே. பசி கூடணும். தண்ணி தாகம் எடுக்கணும்."

"தினமும் மீன்ல பொடிச்சுக் கலந்து வெச்சுட்டுத்தான் கடைக்குப் போறேன். சாயங்காலம் தட்டு பளபளன்னு இருக்கு."

"இது கேக்கலன்னா வேற நோயான்னு பாக்கணும். ரொம்ப நாள் தாங்காதுக்கா."

கடிகாரக்கார அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தாள்.

சமையலறையில் தம்பி அவனுடைய பூனையைத் தூக்கிக் காட்டினான். பீப்பாய் என்று பெயர் வைத்தது அக்காதான். அந்தப் பெயருக்குரிய உடம்பு மட்டும் அண்மையில்தான் வந்திருந்தது.

"பாத்தியாக்கா, வளப்புன்னா இது. உன் பூனை இளைச்சுக்கிட்டே போகுது. என் பையன் பத்து நாள்ல எப்படி ஆயிட்டான் பாரு."

பீப்பாய் அவன் கையிலிருந்து நழுவி, நேராக வாளிக்குப் போய் நக்கு நக்கென்று தண்ணீர் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது.

அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"டேய், இது எப்பலேருந்து இப்படிக் குடிக்குது?"

"ஒரு வாரமா. அது ஒண்ணுக்குப் போற மணலையும் தினம் ரெண்டு தடவ மாத்த வேண்டியிருக்கு. ஏன்?"

"என் பூனையோட மருந்தத் தின்னு வளந்திருக்கான் உன் பையன். பெரிய வளப்பு."

கசப்பு மருந்து கலந்த மீனைச் சாவி முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கியிருக்கிறது; வந்தவரை லாபம் என்று பீப்பாய் துடைத்து வைத்திருக்கிறது. காலித் தட்டைப் பார்த்தாளே தவிர, யார் தின்றது என்று அவள் பார்க்கவில்லை. கடையில் ஒரு திருகாணியைக்கூட அப்படி நம்பி விட்டதில்லை என்பதுதான் அவளை உறுத்தியது.

மறுநாள் காலை சாவியைத் துண்டில் சுற்றினாள். தலையை நிமிர்த்தி, ஒரு விரலால் கீழ்த்தாடையை இறக்கி, நாக்கின் பின்கோடியில் மாத்திரையை வைத்தாள். கடிகாரத்துக்குள் பல்சக்கரம் வைக்கிற அதே விரல்கள். பின்னாலேயே ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர். முதல் நாள் மணிக்கட்டில் மூன்று கீறல். மூன்றாம் நாள் ஒன்று. ஐந்தாம் நாள் கீறல் இல்லை, மூச்சு முப்பத்தாறு.

பீப்பாய்க்கும் வேலை வந்தது. பழகிய மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆகாதாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னாள் டாக்டர். நோயே இல்லாத பூனைக்கு மாத்திரைச் சீட்டு வாங்க, தம்பி வரிசையில் நின்றான்.

பத்தாம் நாள் மருத்துவமனை மேசைமேல் சாவி சுருண்டு தூங்கியது. டாக்டர் எண்ணினாள். நம்பாமல் மறுபடி எண்ணினாள்.

"இருபத்தாறு."

"நான் இருபத்தஞ்சுன்னு எண்ணினேன்," என்றாள் அக்கா. "உங்க கடிகாரம் கொஞ்சம் மெதுவா ஓடுது. கழட்டிக் குடுங்க."

கைக்கடிகாரத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கதவுவரை போனவள் திரும்பி நின்றாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். மருந்து கேக்கலன்னு யாராச்சும் பூனையோட வந்தா, உடனே வேற நோய்னு சொல்லிடாதீங்க. முதல்ல என் கடைக்கு அனுப்புங்க. பூனையத் தூக்கிட்டு வரட்டும், மாத்திரையையும் எடுத்துட்டு வரட்டும். மத்தத நான் பாத்துக்குறேன்."