எல்.கே.ஜி. பந்தி

கல்யாணப் பந்தியில் குறை சொல்கிறவர்கூட வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்வார், எல்.கே.ஜி. பந்தியில் வாயைத் திறக்காமலே சொல்லிவிடுகிறார்கள்.

காலையில் அரக்கப்பரக்க எழுந்து பிள்ளைக்கு டப்பா கட்டி, சாயங்காலம் அதே டப்பாவை அதே சோற்றோடு திறந்து பார்க்கிற தாய்மார்களே, தகப்பன்மார்களே, உங்கள் வீட்டில் ஒரு டப்பா. எனக்கு எண்பது. என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருஷம் நான் கல்யாண சமையல்காரன். அரியாங்குப்பம் ஏழுமலை என்றால் ஆயிரம் இலைக்கும் அசராத ஆள் என்று பெயர். நான் அசரவில்லை, என் முழங்கால் அசந்துவிட்டது. இனிமேல் கோட்டை அடுப்பு முன்னால் விடிய விடிய நிற்கக் கூடாது என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில் புதுச்சேரி சாரம் பகுதியில் ஒரு நர்சரி பள்ளியின் தாளாளர் அம்மா, எண்பது பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். தட்டுக்கு முப்பத்தைந்து ரூபாய். பொங்கல் வரைக்கும் போட்டுப் பார்ப்பது, அப்புறம் பெற்றோர் கூட்டம், அவர்கள் சரி என்றால் தொடர்வது, வேண்டாம் என்றால் பழையபடி வீட்டு டப்பா என்று பேச்சு. எண்பது வாண்டுகள்தானே என்று அண்டா, தவலை, பெரிய ஜாரிணிக் கரண்டி எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சின்னப் பாத்திரங்களாக வாங்கினேன். திரும்பிப் போக வழி இல்லாமல் செய்துகொள்வதில் நான் கெட்டிக்காரன்.

பூச்சி

முதல் நாளே அசத்திவிடுவது என்று இறங்கினேன். சாம்பார் சாதம், தயிர் சாதம், காலிஃபிளவர் வறுவல், முந்திரியும் திராட்சையும் போட்ட கேசரி. "முப்பத்தஞ்சு ரூபாய்க்கு இது கட்டுமா?" என்று கேட்டாள் என் மனைவி கஸ்தூரி. முதல் பந்தியில் கை சுருங்கக் கூடாது என்று அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தேன். ஆட்டோவில் ஏற்றி, பாலம் தாண்டிக் கொண்டுபோய், நானே பரிமாறினேன்.

ரியாஸ் என்ற நாலு வயசுப் பையன் தயிர் சாதத்தையே உற்றுப் பார்த்தான். ஒரு கடுகை விரலால் எடுத்து உயர்த்திக் காட்டி, "பூச்சி" என்றான். அவ்வளவுதான். எண்பது பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பூச்சி பிடிக்க ஆரம்பித்தார்கள். கடுகு சின்னப் பூச்சி, கறிவேப்பிலை பச்சைப் பூச்சி, கேசரியில் இருந்த திராட்சை செத்துப்போன பூச்சி. அரை மணி நேரத்தில் தரையெல்லாம் என் கைப்பக்குவம் கிடந்தது. பிள்ளைகளுக்கு ஊட்டிவிடும் செல்வி அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"அண்ணே, நாளைலேந்து தாளிக்காம கொண்டாங்க. தாளிச்சத நான்தான் கூட்டி அள்ளணும்."

வாசனை பார்த்து உப்பு

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பந்தி முடிகிற வரை சமையல்காரன் எதையும் வாயில் வைக்க மாட்டான். அண்டாவிலிருந்து கிளம்பும் ஆவியை உள்ளங்கையால் மூக்குப் பக்கம் தள்ளினால் போதும், உப்பு, புளி, காரம் மூன்றையும் சொல்லிவிடுவோம். என் மூக்கை நம்பி எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கிறது.

ஆனால் அது அண்டா பழக்கிய மூக்கு என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. சின்னப் பாத்திரத்தில் ஆவி சவலையாக வந்தது. உப்புப் பத்தவில்லை என்று மூக்கு சொன்னது, நான் ஒரு கைப்பிடி போட்டேன். மறுபடி முகர்ந்தேன், இன்னொரு பிடி. "ஒரு வாய் வெச்சிப் பாத்துட்டு அனுப்புங்களேன்" என்றாள் கஸ்தூரி. வாயில் வைத்துப் பார்க்கிறவன் சமையல்காரனே இல்லை என்று அவளை அடக்கிவிட்டு ஆட்டோ ஏறினேன்.

அன்றைக்குப் பிள்ளைகள் குடித்த தண்ணீருக்குக் குடம் பத்தவில்லை. கடலோரக் குருசுக்குப்பத்திலிருந்து வரும் ரோஸி என்கிற குட்டி மட்டும் தண்ணீர் கேட்கவில்லை. நிதானமாக இன்னொரு வாய் வைத்து, நன்றாக யோசித்துவிட்டு, எனக்குச் சான்றிதழ் கொடுத்தாள்.

"சாப்பாட்டுத் தாத்தா, எங்க ஊட்டாண்ட அலை வந்து வாய்ல பூந்தா இப்டித்தான் இருக்கும்."

முசே சொன்ன முறை

பேரனை அழைத்துப்போக ஒரு பெரியவர் வருவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எல்லோருக்கும் அவர் முசே, அதாவது ஐயா, அவருக்கும் எல்லோரும் முசே. என் தட்டுகளில் சோறு அப்படியே கிடப்பதைக் கேட்டில் நின்று நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் மனசு கேட்காமல் உள்ளே வந்தார். "எல்லாத்தையும் ஒண்ணா கொட்டுனா புள்ள எப்படி சாப்புடும், முசே? பிரான்ஸ்ல எங்க பேத்தி படிக்கிற எக்கோல்ல, பள்ளிக்கூடத்துல, நாலு தவணையா வெப்பாங்க. மொதல்ல பச்சைக் காய். அத முடிச்சாத்தான் அடுத்தது."

கல்யாணத்தில் பாயசம், சாதம், மோர் என்று வரிசையாக விட்டவன்தானே நான், இது ஒரு பெரிய விஷயமா என்று மறுநாளே அமல்படுத்தினேன். முதல் தவணை வெள்ளரிக்காய். ஆச்சரியம், எண்பது பேரும் ஒரு துண்டு விடாமல் தின்றார்கள். ஆனந்தத்தில் இரண்டாம் தவணைக்காகப் பாத்திரங்கள் வைத்திருந்த அறைக்கு ஓடினேன். கொஞ்சம் நொண்டிக்கொண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதத்தோடு திரும்பி வந்தால் பந்தியில் ஒருவரும் இல்லை. சாப்பாடு முடிந்தது என்று எழுந்துபோய், கை கழுவி, பாயில் படுத்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த முசே தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"பார்தோன், முசே, மன்னிச்சிக்குங்க. அங்க புள்ளைங்க கடைசி வரைக்கும் உக்காந்திருக்கும். அத சொல்ல மறந்துட்டன்."

மீட்டர்

நிலா என்று ஒரு பெண் குழந்தை. யூ.கே.ஜி. எது வைத்தாலும் இரண்டே கரண்டி, அதுவும் செல்வி அக்கா காக்கா, குருவி, கேட்டில் நிற்கும் நாய் எல்லாவற்றையும் காட்டினால்தான் உள்ளே போகும். அவளுடைய அப்பா வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்கிறவர், பெயர் குமரவேல். ஒருநாள் பள்ளி வாசலில் என் ஆட்டோவை மறித்தார்.

என் மகள் இரண்டு கரண்டி, பக்கத்துப் பையன் ஐந்து கரண்டி, இருவருக்கும் ஒரே முப்பத்தைந்தா என்பது அவர் வழக்கு. அரசாங்கப் பள்ளியில் சாப்பாடு சும்மாவே போடுகிறார்களே என்று இன்னொரு தாய் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தார். பருப்பு விலை, கேஸ் விலை, ஆட்டோ வாடகை என்று நான் மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே போனேன். நாங்கள் கல்யாணத்தில் இலைக்கு இவ்வளவு என்றுதான் பேசுவோம், யார் எத்தனை வடை தின்றார் என்று பார்க்க மாட்டோம் என்றும் சொன்னேன். அவர் கடைசி வரை தலையாட்டிக் கேட்டார், பொறுமையானவர். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஓடுன யூனிட்டுக்குத்தாங்க பில்லு போடணும். ஓடாத மீட்டருக்கு எப்டிங்க போடுவீங்க?"

கஸ்தூரி அடுப்பேறிய நாள்

டிசம்பர் மழையில் முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. கஸ்தூரி அடுப்பு முன்னால் நின்றாள். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்யாண வேலையில் பெண்களைக் காய் நறுக்கவும் தேங்காய் துருவவும் மட்டுமே விட்டவன் நான். கரண்டியைத் தொட விட்டதில்லை.

அரிசியும் பருப்பும் ஒன்றாகக் குழைய வேகவைத்தாள். கேரட்டைத் துருவிக் கண்ணுக்குத் தெரியாமல் கலந்தாள். மஞ்சள், உப்பு, ஒரு கரண்டி நெய். உப்பை வாயில் வைத்துப் பார்த்தாள், கட்டிலில் இருந்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதையா அனுப்பப் போகிறாய், பேர் கெட்டுவிடும் என்று கத்தினேன். "கெடறதுக்கு இன்னும் பேர் எங்க மிச்சம் இருக்குது?" என்றபடி பாத்திரத்தை ஆட்டோவில் ஏற்றினாள். மானம் போவதை நேரில் பார்க்கலாம் என்று நானும் அவள் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே ஏறினேன்.

சாப்பாட்டு ஹாலுக்கு வெளியே, ஜன்னல் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. எண்பது வாயும் அசைந்துகொண்டிருந்தது. ரியாஸ் தட்டை வழித்தான். நிலா, அந்த இரண்டு கரண்டி நிலா, காக்காய் யாரும் வராமலே தட்டை நீட்டி இன்னும் என்றாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் பொறாமைக்குப் பின்னால்தான் வந்தது. செல்வி அக்கா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா அண்ணே, மூஞ்சி இப்டிப் போயிடுச்சி? புள்ளைங்க சாப்டதுக்கா?"

ஒரு சொம்புத் தண்ணீர்

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கஸ்தூரி அடுப்பேறிய நாளிலிருந்து அவளுடைய பருப்பு சாதம்தான் தினமும் போனது. பருப்பு விலை திடீரென்று ஏறியது. முப்பத்தைந்து ரூபாய் ஏறவில்லை. கஸ்தூரி குளிக்கப் போன நேரம் பார்த்துப் பருப்பில் அரைப்படியைக் குறைத்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் கூட்டினேன். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பெரியவர்கள் என்றால் ரசம் மாதிரி இருக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள். இந்தப் பிள்ளைகள் சமர்த்தாகக் குடித்துவிட்டன.

காலி பாத்திரத்தை எடுக்க இரண்டரை மணிக்குப் போனேன். தூங்குகிற நேரம், ஆனால் ஹாலில் ஏழெட்டுப் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்திருந்தன. ரோஸி அழுதுகொண்டிருந்தாள். மறுநாள் பருப்பைப் பழைய அளவுக்கே போட்டேன், அதற்கு மேல் அந்த அளவில் கை வைத்ததில்லை. நான் செய்தது செல்வி அக்காவுக்குத் தெரியாது, அதனால்தான் அன்று அப்படிச் சாதாரணமாகக் கேட்டார்.

"அண்ணே, இன்னிக்கி எல்லாத்துக்கும் சீக்கிரமே பசி எடுத்துடுச்சி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா இதுங்களுக்கு?"

பெற்றோர் கூட்டம்

பொங்கல் முடிந்து கூட்டம். பெற்றோர் அன்று அங்கேயே சாப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்வார்கள் என்றார் தாளாளர் அம்மா. என்னைத் திருத்த ஆண்டவனாலும் ஆகாது. குழைந்த பருப்பு சாதத்தைப் பெரியவர்கள் முன்னால் வைக்க எனக்கு மனசு வரவில்லை. நெய் புலாவ், பனீர் குருமா, உருளை வறுவல், பால் பாயசம் என்று முழுசாக இறங்கிவிட்டேன். கஸ்தூரி ஆட்டோவில் கடைசியாக ஒரு பாத்திரத்தை ஏற்றினாள். அது என்ன என்று கேட்க எனக்கு நேரமில்லை.

பெற்றோர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இரண்டாவது முறை பாயசம் வாங்கினார்கள். முசே என் கையைக் குலுக்கினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிவந்து அதே பந்தியில் உட்கார வைத்தார்கள். நிலா புலாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தாத்தா, இது எங்க சாப்பாடு இல்ல. எங்க சாப்பாடு எங்க?" என்றாள்.

 ரியாஸின் அம்மா ஷமீம் தட்டைக் கீழே வைத்தார். "அப்போ எங்களுக்குக் காட்றது ஒண்ணு, புள்ளைங்களுக்குப் போடறது ஒண்ணா?" என்றார். நியாயமான கேள்வி. தாளாளர் அம்மா என்னைப் பார்த்தார். விற்ற அண்டாக்கள் எல்லாம் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. 

கஸ்தூரி அந்தக் கடைசிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "தெனம் போடறது இதாங்க. புள்ளைங்க பசியோட வருமேன்னு எடுத்தாந்தன். நீங்களும் பாருங்க" என்று பரிமாற ஆரம்பித்தாள். பிள்ளைகள் குனிந்த தலை நிமிரவில்லை. ஷமீம் ரியாஸின் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். சப்பென்று இருக்கிறது என்றார். இன்னொரு வாயும் எடுத்துப் பார்த்தார். கேரட் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். மகன் வீட்டில் கேரட்டைக் கண்டாலே ஓடுவானாம். அவர் அடுத்த வருஷத்துக்கும் சரி என்று கை தூக்கியதும் ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன.

குமரவேல் மட்டும் கை தூக்கவில்லை. மகளுக்குப் பின்னால் நின்று, கஸ்தூரியின் கரண்டியையே பார்த்தபடி விரல் மடக்கிக்கொண்டிருந்தார். நிலா தட்டைக் காலி செய்து கை கழுவப் போனதும் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சு யூனிட்டு ஓடிடுச்சிங்க. கரண்டிக்கு இவ்ளோன்னு நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க, தட்டுக்கு முப்பத்தஞ்சே இருக்கட்டும்."

ஆயிரம் இலைக்கு அசராத அரியாங்குப்பம் ஏழுமலைக்கு இந்த வருஷமும் சாரத்து நர்சரி பள்ளியில் வேலை உண்டு: கஸ்தூரி கேட்கிற அளவுக்குக் கேரட் துருவிக் கொடுப்பது.