பத்து நாளும் அதே நாய்தானா?

என் மாமா நாயை மாற்றினார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. என் உயிர் எந்த நாயை நம்பி இருந்ததோ அந்த நாயைக் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் வேறொரு நாயைக் கட்டிவைத்தார். பிறகு எதுவும் நடக்காததுபோல் பீடி பற்றவைத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவருக்கு முப்பது.

பதுளைப் பக்கம் ஹாலிஎலவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நாங்கள் வேலை செய்த தோட்டம். மாவும் பாணும் கிடைக்காமல் ஊரே அலைந்த காலம் அது. வரிசை வீடுகளான லயத்தில் அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரு காம்பராவில், ஒற்றை அறையில், இருந்தோம். அம்மாவின் தம்பியான மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் படுத்துக்கொள்வார். அவரோடு அவருடைய நாய் ஜிம்மி.

தோட்டத்தின் கீழ் டிவிஷனில் ஒரு நாய் போட்ட நான்கு குட்டிகளில் ஜிம்மி ஒன்று. நான்கும் ஏறக்குறைய ஒரே அச்சு. செம்மண் நிறம், கறுத்த மூஞ்சி. மாமா அதைத் தூக்கி வந்த நாளிலிருந்தே அதை ஒரு புலியாக்கிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சோற்றில் காய்ந்த மிளகாயைப் பிசைந்து வைப்பார். அது தின்றுகொண்டிருக்கும்போது எலும்பைப் பிடுங்குவார். அது உறுமும். திரும்பக் கொடுப்பார், மறுபடி பிடுங்குவார். லயத்து ஆட்கள் கூடி நின்று சிரிப்பார்கள். அம்மா திட்டினால், "ரோஷமுள்ள நாயி வேணும்க்கா. சும்மா நின்னு வால ஆட்டுறதுக்கு மாடு போதாதா?" என்பார்.

அந்த எலும்பு விளையாட்டை ஒருநாள் நானும் விளையாடிப் பார்த்தேன். அவ்வளவுதான். வலது உள்ளங்கையில் நான்கு பல்லும் இறங்கிவிட்டன.

அம்மா ஓடிவந்து காப்பித்தூளை அள்ளிக் காயத்தில் அப்பினார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினார். அங்கே மருந்து கொடுப்பவரை எல்லோரும் டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் காப்பித்தூளைப் பார்த்ததும் அம்மாவை ஒரு பிடி பிடித்தார். சவர்க்காரம் போட்டு, குழாய்த் தண்ணீரை விட்டு, நான் கத்தக் கத்தக் கழுவினார். மாமா வாசலில் ஜிம்மியைச் சங்கிலியோடு பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் ஐயா அங்கிருந்தே அதை எட்டிப் பார்த்தார்.

"நாயக் கட்டிப் போடுங்க. பத்து நாள். அவுக்கவே கூடாது. யாரும் கிட்டப் போகவும் கூடாது. சோறு திங்குதா, தண்ணி குடிக்குதா, கொரலு மாறுதா, எல்லாம் பாக்கணும். பத்து நாளும் நல்லா இருந்தா ஊசி வேணாம். நடுவுல செத்தாலோ, காணாமப் போனாலோ, ஒரு நிமிஷம் நிக்காமப் புள்ளயத் தூக்கிகிட்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. தொப்புளச் சுத்தி பதினாலு ஊசி."

காணாமல் போனாலும் ஊசிதான் என்று அவர் சொன்னதை அங்கிருந்த எல்லோரும் கேட்டோம். மாமாவும் கேட்டார்.

"பத்து நாளா? அதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சு போயிருமே ஐயா" என்றார் மாமா.

"எங்க, என்னா முடியுது?"

"ஒண்ணுமில்லீங்க."

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பதினாலு ஊசி என்பது மட்டும்தான் புரிந்தது.

லயத்துக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் ஜிம்மியைக் கட்டினார்கள். காவல் பொறுப்பை மாமாவே ஏற்றுக்கொண்டார். "என் நாயி, நான் பாத்துக்கிறேன்" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னார். அப்பா அந்த நாயின் முகத்தையே பார்க்க மாட்டேன் என்று போய்விட்டார். அம்மாவுக்குப் பயம். அதனால் தட்டைக் கொட்டகைக்குள் தள்ளிவிடுவது மாமா மட்டும்தான்.

ஆனால் அந்தத் தட்டில் இருந்தது அம்மாவின் சாப்பாடு. ஆளுக்கு ஒரு ரொட்டி கிடைப்பதே பெரிய காரியமாக இருந்த நாட்களில், அம்மா தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நாய்க்கு வைத்தார். அப்பா எரிந்து விழுந்தார். "புள்ளயக் கடிச்ச நாயிக்கு ரொட்டியா?"

"பசியில செத்தா, பசியில செத்துச்சா நோயில செத்துச்சான்னு யாருக்குங்க தெரியும்?" என்றார் அம்மா.

நான் தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் பலகை இடுக்கு வழியாகப் பார்ப்பேன். என் காலடிச் சத்தம் கேட்டதும் ஜிம்மி முனகும். மன்னிப்புக் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்துக் காம்பராவிலிருந்த ஒரு பெண் பிள்ளை, வெறிநாய் கடித்தவர்களுக்குத் தண்ணீரில் நாய் தெரியும் என்று சொல்லிவைத்திருந்தது. மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடித்தால் வாளிக்குள் குனிந்து பார்ப்பேன். என் முகம்தான் தெரியும். அதிலும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் மூக்கு நீண்டுகொண்டு வருவதுபோல் இருக்கும். வாளியைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பேன்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பலகை இடுக்கில் சாக்கு தொங்கியது. மாமா கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் சிராய்ப்பு. சட்டையெல்லாம் தேயிலைக் கறை.

"இன்னைக்கு எட்டிப் பாக்காதடி. நாய்க்குக் கண்ணு பட்டுருச்சி. தூங்கட்டும்."

உள்ளே சத்தமே இல்லை. என் காலடி கேட்டும் முனகல் வரவில்லை. நான் நம்பினேன். கண் படுவது நாய்க்கும் உண்டுதானே.

ஆறாம் நாள் சாக்கு இல்லை. நான் பார்த்தேன். செம்மண் நிறம், கறுத்த மூஞ்சி, அதே சங்கிலி. ஆனால் என்னைக் கண்டதும் அது குலைத்தது. தெரியாத ஆளைப் பார்த்துக் குலைக்கிற குலைப்பு. குரலும் வேறு. இடது முன்னங்கால் மட்டும் கன்னங்கரேலென்று எண்ணெய் பூசினதுபோல் மின்னியது. ஜிம்மிக்குக் கால் கறுப்பில்லை.

அன்றைக்கு வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் தலைக்குள் ஒரே குழப்பம். குரல் மாறினால் வெறி என்று டாக்டர் ஐயா சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் ஜிம்மிக்கு வெறி பிடித்துவிட்டது, நான் சாகப் போகிறேன். அல்லது இது ஜிம்மி இல்லை. இது ஜிம்மி இல்லையென்றால் ஜிம்மி எங்கே? காணாமல் போனாலும் ஊசி. எப்படிப் பார்த்தாலும் ஊசியில் வந்து முடிந்தது. வெறி பிடித்தால் கால் கறுக்குமா என்று டீச்சரிடம் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். கேட்கவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, அது ஜிம்மி இல்ல."

அம்மா அடுப்பை விட்டு எழுந்து மாமாவைப் பார்த்தார். மாமா அசரவில்லை.

"ஆறு நாளு கட்டிப் போட்டா ஒம் புருஷனையே ஒனக்கு அடையாளம் தெரியாது அக்கா. நாயி மட்டும் எப்படி அப்படியே இருக்கும்?"

அம்மா சிரித்துவிட்டார். நாய் கடித்த நாளிலிருந்து அம்மா சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நான்கு நாளும் அந்த நாய் அம்மாவின் ரொட்டியை வழித்து நக்கித் தின்றது. நன்றாகத் தண்ணீர் குடித்தது. நன்றாகத்தான் இருந்தது. அதற்கு ஏன் நோய் வரப்போகிறது? அது யாரையும் கடிக்கவே இல்லையே.

பத்தாம் நாள் மாமா நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அம்மா அரைநாள் கூலியான அரைப்பேரை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. டிஸ்பென்சரி இஸ்தோப்பில் ஏறினபோது நாயின் இடது முன்னங்காலிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்து சிமெந்துத் தரையில் ஓடியது. தேங்காயெண்ணெயில் குழைத்த சட்டிக் கரி. கரி கரையக் கரைய உள்ளே வெள்ளைக் கால். கீழ் டிவிஷனில் ஜிம்மியோடு பிறந்த குட்டிகளில் ஒன்றுக்கு வெள்ளைக் கால் என்பது எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். அவர் மெல்ல நகர்ந்து அந்தக் காலுக்கு முன்னால் நின்றுகொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கெஞ்சுவதுபோல் பார்த்தார். பெரிய ஆள் ஒருவர் என்னைப் பார்த்துக் கெஞ்சினது அதற்கு முன்பு நடந்ததில்லை.

டாக்டர் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"பாப்பா, இதுதானே ஒன்னயக் கடிச்ச நாயி?"

பின்னால் கண்ணாடி அலமாரிக்குள் ஊசிகள் வரிசையாகக் கிடந்தன.

"ஆமாங்க" என்றேன்.

அதை நான்தான் சொன்னேன். மறைக்கவில்லை. டாக்டர் ஐயா புத்தகத்தில் எழுதினார். அம்மா அழுதுகொண்டே அவரைக் கும்பிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் மாமா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "எஞ் சிங்கக்குட்டி" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாகப் போகிறேனா இல்லையா என்று தெரியாத சந்தோஷம். அதற்குப் பிறகு பல மாதங்களுக்கு, தண்ணீர் குடிக்கும்போது தொண்டை லேசாக அடைத்தாலே குவளையைக் கீழே வைத்துவிடுவேன். யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

வெள்ளைக் கால் நாய் எங்களோடேயே தங்கிவிட்டது. அதற்கும் ஜிம்மி என்றுதான் பேர். கரி போய்க் கால் வெளுத்ததைப் பார்த்து அப்பா ஒருநாள் கேட்டார். நாய்க்கும் நரைக்கும் என்றார் மாமா. அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டாள், இனி என்ன என்று இருந்திருப்பார். கடைசிவரை அந்த நாய் யாரையும் கடிக்கவில்லை. எலும்பு பிடுங்கும் விளையாட்டை மாமா அதனிடம் விளையாடவே இல்லை.

நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் மிச்சக் கதை கிடைத்தது. பதுளை பஸ் நிலையத்தில், அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல் செய்தவரின் மனைவியைச் சந்தித்தேன். பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தவர் சாதாரணமாகக் கேட்டார்.

"பங்களாவுல ஒரு சாதி நாயி இருந்துச்சே, பொட்ட நாயி, அது பருவத்துக்கு வந்திருந்துச்சி. குட்டி ஒண்ணு தனக்கு வேணும்னு ஒங்க மாமன் எங்க வீட்டுக்காரரக் கெஞ்சி, தன்னோட நாயப் பின்பக்கமாக் கூட்டியாந்தாரு. சங்கிலியக் கழட்டுனாரோ இல்லியோ, அது பொட்ட நாயத் திரும்பிக்கூடப் பாக்கலம்மா. வேலியப் பாஞ்சு கீழ் ரோட்டுப் பக்கமா ஒரே ஓட்டம். ஒங்க மாமன் வுழுந்து எந்திரிச்சு ஓடுனாரு. கெடச்சுச்சா அப்புறம்?"

எனக்கு வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். அதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சு போயிரும் என்றாரே, அது இதுதான். ஒரு சாதி நாய்க்குட்டிக்காக.

தனியாக இரண்டு தடவை மாமாவிடம் கேட்டேன். முதல் தடவை, "எந்த நாயி?" என்றார். இரண்டாம் தடவை, "நீ உசிரோடதானடி இருக்க? பொறகென்ன?" என்றார். உயிரோடுதான் இருக்கிறேன். வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

ஆனால் அவர் சும்மா இருக்கிறாரா? குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, என்னை நாய் கடித்த கதையை அவரே தொடங்குகிறார். பத்து நாள் கண் மூடாமல் நாயைக் காத்தாராம். தன் ரொட்டியை அதற்குப் போட்டாராம். தன் ரொட்டி! அதைக் கேட்டுத் தலையாட்ட ஆள் இருக்கிறது. என் பிள்ளைகளே தலையாட்டுகிறார்கள்.

ஒன்பது வயதில் எனக்கு விளங்காதது ஒன்று இருக்கிறது. அந்தப் பத்து நாளும் என் வயிற்றைப் பற்றியும் பதினாலு ஊசியைப் பற்றியும் மட்டுமே நினைத்தேன். அது எனக்கும் அந்த நாய்க்கும் இடையில் உள்ள கணக்கு என்று நினைத்தேன். கீழ் ரோட்டை ஒட்டிக் கீழ் லயங்கள் இருந்தன. வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பரா இருந்தது. அங்கே தவழ்கிற பிள்ளைகள் இருந்தன. வெறி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு நாய் சங்கிலி இல்லாமல் அந்தப் பக்கம் ஓடியிருக்கிறது. அது இன்னாருடைய நாய், காவலில் இருந்த நாய், கடித்தால் பதுளைக்கு ஓடுங்கள் என்று அங்கே சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் சட்டி அடியில் கரி சுரண்டிக்கொண்டிருந்தார். நாய் மாறியது எனக்கும் தெரியும். நானும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுத் தோளில் ஏறிக்கொண்டேன்.

மாமா, அடுத்த மாதம் பதுளையில் என் மகள் கல்யாணம். நான் எழுந்து நின்று கேட்பேன். என் பொய்யை முதலில் நானே சொல்கிறேன். நாய் எங்கே போனது? தேடினீர்களா? அன்றைக்குக் கீழ் லயத்தில் ஒரு ஆளிடமாவது சொன்னீர்களா? வீட்டுக்குள் கூப்பிட்டு என் காதில் சொல்ல வேண்டாம். கீழ் லயத்து ஆட்களுக்கும் பத்திரிகை வைத்திருக்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.